ஆம்ப்ளிபையர் ஏன் பேசவில்லை?

ஒலி இல்லாத விழா நம் பக்கத்தில் உண்டா? ஆடி மாதம் பிறந்துவிட்டால் கருங்குழியிலிருந்து மதுராந்தகம் போகும் வழியெங்கும் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடுகிறது. காதுகுத்தோ, கலியாணமோ, கூழ் வார்த்தலோ, மாதா தேர்ப்பவனியோ, எதுவாயினும் பந்தலுக்கு முன்னே வந்து இறங்குவது சவுண்டு சர்வீஸ் வண்டிதான். அப்படிப்பட்ட ஊரில், நம் பள்ளியின் காலை இறைவணக்கத்தில் வாசிக்கப்படும் இறைவசனம் மட்டும் நான்காவது வரிசையைத் தாண்டாமல் இருந்து வந்தது. பழைய பெட்டி என்றோ ஓய்ந்துவிட்டது. விழா நாட்களில் வாடகைப் பெட்டி. மற்ற நாட்களில் வாசிக்கும் மாணவியின் தொண்டை.

இதைக் கண்டு, அறிவியல் மன்றத்தார் நாங்களே ஓர் ஆம்ப்ளிபையர் கட்டுவது என்று முடிவு செய்தோம். படம் பார்த்துக் கட்டுவது அப்படியொன்றும் பெரிய காரியமன்று. கட்டிய பெட்டி பேசாதபோது என்ன செய்வது என்பதே பெரிய காரியம். அதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

இரண்டு பேர் எங்களை எச்சரித்தார்கள். தலைமைச் சகோதரி, "பெட்டி பேசும் என்று நீங்கள் சொன்னால் ஆண்டு விழாவுக்கு வாடகைப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கே வந்து, "பெண் பிள்ளைகள் கரண்டில் கை வைக்கிறார்களாமே, அடிபட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். முதற்பாதியை நாங்கள் ஏற்கவில்லை. கரண்டுக்கு ஆண், பெண் தெரியாது. ஆனால் பிற்பாதி நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் பெட்டியைத் திறக்கலாகாது.

முதலில் ஆம்ப்ளிபையர் செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கப் பத்து வோல்ட் அளவில் வேண்டும். இடையில் நிற்கும் ஆம்ப்ளிபையர் அந்தச் சிறிய அலையை இழுத்து நீட்டுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. மதுராந்தகம் ஏரியின் மதகைத் திறப்பவர் தம் கைப்பலத்தால் நீரைத் தள்ளுவதில்லை. அவர் கதவை ஏற்றுகிறார், இறக்குகிறார், தள்ளுவது ஏரி. அதுபோலவே சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஏரி, ஆம்ப்ளிபையரின் டிரான்சிஸ்டர்கள் மதகு, ஒலிவாங்கியின் அலை மதகைத் திறக்கும் கை, ஸ்பீக்கர் வயல். வயலுக்கு நீர் வரவில்லையென்றால் நான்கில் எங்கே குற்றம் என்று பார்க்க வேண்டும். ஏரியில் நீர் உண்டா என்று பாராமல் மதகைப் பெயர்த்துப் போடுகிறவர்களே உலகில் அதிகம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

வீட்டில் கருவி கட்டும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அரசு வானொலி தோன்றுவதற்கு முன்பே, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31ஆம் நாள் 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. அக்காலத்தில் வால்வுகள். பிறகு வந்தவை டிரான்சிஸ்டர்கள். நம் தந்தையர் காலத்துப் பெட்டிகளில் 2என்3055 என்ற தடித்த இரும்புத் தொப்பி இல்லாத பெட்டி அரிது. நாங்கள் எடுத்துக்கொண்டது டி.டி.ஏ. 2030ஏ என்னும் ஐந்து கால் ஐ.சி. இத்தாலியின் எஸ்.ஜி.எஸ். நிறுவனம் வகுத்த 2030 குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு முழு ஆம்ப்ளிபையரும் விரல் நகம் அளவில் அதற்குள் இருக்கிறது. மிகச் சூடானால் தானே நின்றுகொள்ளும் அறிவும் அதற்கு உண்டு. அந்த அறிவே பின்னால் எங்களை ஒரு மாலை முழுதும் ஏமாற்றியது.

சாமான்களுக்காக ரயிலேறிச் சென்னைக்குப் போய், அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிவந்தோம். இரண்டு ஐ.சி., 12-0-12 வோல்ட் 2 ஆம்பியர் மின்மாற்றி ஒன்று, டையோடுகள் நான்கு, 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு, சில்லறைச் சாமான்கள். இங்கே ஒரு கணக்கு. 12 வோல்ட் என்று எழுதியிருப்பது ஆர்.எம்.எஸ். அளவே. அதன் உச்சி 1.41 மடங்கு, அதாவது 17 வோல்ட். டையோடு 0.7ஐத் தின்றுவிடும். ஆகக் கிடைப்பது பூஜ்யத்துக்கு மேலே 16, கீழே 16. ஆனால் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் தாழ்ந்து கிடக்கும் நம் ஊர் மின்சாரம், இரவில் 250 வோல்ட்டைத் தொடுவதும் உண்டு. அப்போது 12 என்பது 13 ஆகும்; சுமை இல்லாதபோது இன்னும் சற்று ஏறி உச்சி 18ஐத் தாண்டிவிடும். வெறும் 2030 தாங்கும் எல்லை 18. 2030ஏ தாங்குவது 22. பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்தைக் கடையில் கவனித்து வாங்க வேண்டும்.

இனி அந்தத் தாயாருக்கு விடை. இப்பெட்டியில் உயிரைப் பறிக்கக்கூடிய பகுதி பிளக்கிலிருந்து மின்மாற்றியின் முதற்சுருள் வரையில் உள்ளது. அங்கே ஓடுவது 230 வோல்ட். அந்த இடம் முழுவதையும் பிளாஸ்டிக் மூடியால் மறைத்து, ஆசிரியை முன்னிலையில் அன்றி அதைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். பெட்டியைத் தொடுமுன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கக் கூடும். அப்போது அணைத்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும். மூன்று முள் பிளக்; அதன் பச்சைக் கம்பி இரும்புப் பெட்டியோடு இறுக முடுக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் வேலை செய்த மேசைக்கு வரும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். சிலர் ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க விடுவார்கள். அது வீரமன்று. 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஓரிரு விநாடி குறுக்கே வைத்தால் ஓசையின்றி வடிந்துவிடும்.

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் ஃப்யூஸ் போயிற்று. மாற்றினோம், அதுவும் போயிற்று. மூன்றாவதும் போனபோது எங்களில் ஒருத்தி, "கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டால் என்ன?" என்றாள். ஆசிரியை அவள் கையிலிருந்து கம்பியை வாங்கிவிட்டார். ஃப்யூஸ் போவது நோயன்று. நோய் இருக்கிறது என்று சொல்லும் வாய். அதை அடைத்தால் அடுத்துப் போவது மின்மாற்றி, அதற்கடுத்து மேசை.

மறுநாள், சவுண்டு சர்வீஸ் நடத்தும் மாணவி ஒருத்தியின் தந்தை வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஏம்மா, கண்ணைக் கட்டிக்கிட்டு ஃப்யூஸ் போட்டுக்கிட்டே இருந்தா எப்படி? முதல்ல இந்த பல்பை நடுவுல போடுங்க" என்று, பலகையில் பொருத்திய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கொடுத்தார். தொழில் செய்பவர்கள் இதை சீரியல் பல்பு என்கிறார்கள். பெட்டிக்குப் போகும் பேஸ் கம்பியை அறுத்து இடையில் இந்த பல்பு. இதைக்காட்டிலும் எளிய காவல்காரன் இல்லை. பல்பின் இழை குளிர்ந்திருக்கையில் அதன் தடை மிகக் குறைவு; வெண்மையாய் எரியும்போது ஏறத்தாழ 880 ஓம். பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் முழு மின்னழுத்தமும் பல்பின்மேல் விழும். பல்பு பளிச்சென்று எரியும். ஆனால் 60ஐ 230ஆல் வகுத்த அளவாகிய 0.26 ஆம்பியருக்குமேல் எதுவும் ஓட முடியாது. ஃப்யூஸ் போகாது, ஐ.சி. வேகாது, நாம் நிதானமாக ஆராயலாம். பெட்டி நலமாயிருந்தால், கண்டென்சர்கள் நிரம்பும் அந்த ஒரு கணம் பல்பு மின்னி, பிறகு மங்கி அடங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள குண்டு பல்பேதான் வேண்டும். இப்போது அது கடைகளில் அருகி வருவதால், கிடைக்கும்போது இரண்டு வாங்கி வைப்பது நல்லது.

எங்கள் பல்பு பளிச்சென்று எரிந்தது. எங்கே ஷார்ட்? பெட்டியை இரண்டாகப் பகுத்தோம். ஐ.சி. பலகைகளுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றினோம். பல்பு மின்னி அடங்கியது. ஆகவே ஏரியில் குற்றமில்லை. இடப்பக்கப் பலகையை மட்டும் சேர்த்தோம், எரிந்தது. அதை நீக்கி வலப்பக்கத்தைச் சேர்த்தோம், அதுவும் எரிந்தது. இரண்டு ஐ.சி.யும் ஒரே நாளில் ஒரே விதமாகக் கெடுமா? கெடலாம்; ஆனால் அதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் குற்றம் என்பதே நம்பத் தகுந்தது. பொதுவானது எது? சூட்டை வாங்கிக்கொள்ள இரண்டையும் முடுக்கியிருந்த அலுமினியத் தகடு, அதாவது ஹீட் சிங்க். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஐ.சி.யின் உலோக முதுகிலும், மறு முனையை நடுக்காலாகிய மூன்றாங் காலிலும் வைத்தோம். தடை பூஜ்யம். இந்த ஐ.சி.யில் முதுகும் மூன்றாங் காலும் உள்ளே ஒன்றே. மூன்றாங் காலில் இருப்பதோ கழித்தல் 16 வோல்ட். முதுகு தகட்டில், தகடு இரும்புப் பெட்டியில், பெட்டி பூஜ்ய முனையில். கழித்தல் 16க்கும் பூஜ்யத்துக்கும் நாங்களே இரும்பால் பாலம் போட்டிருந்தோம்!

மைக்கா வில்லை, திருகுக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ், இருபுறமும் மெல்லிய வெள்ளைப் பசை. சூடு கடந்து போகும், மின்சாரம் போகாது. முடுக்கிய பிறகு முதுகுக்கும் தகட்டுக்கும் இடையே மீட்டர் முடிவிலி காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். பல்பு அடங்கியது.

உடனே ஸ்பீக்கரை மாட்ட ஓடினோம். அந்தத் தந்தை தடுத்தார். "ஸ்பீக்கரைக் கடைசியா மாட்டுங்க பாப்பா. அது பொண்ணுக்கு மாலை மாத்துற மாதிரி. எல்லாம் விசாரிச்ச பிறகுதான்." சகோதரிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆனால் விளையாட்டுப் பேச்சன்று. ஆம்ப்ளிபையர் சும்மா இருக்கும்போது அதன் வெளிவாயில் ஒரே திசை மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். சில மில்லிவோல்ட் இருக்கலாம். மீட்டரை வைத்தோம். இடப்பக்கம் 9 மில்லிவோல்ட். வலப்பக்கம் பதினான்கரை வோல்ட்! 8 ஓம் ஸ்பீக்கரின் சுருள் ஒரே திசை மின்சாரத்துக்கு ஆறரை ஓம் அளவுதான் தடை தரும். பதினான்கரையின் வர்க்கத்தை ஆறரையால் வகுத்தால் 32 வாட். அத்தனையும் ஒலியாக அல்ல, வெறும் சூடாக, தலைமயிர் போன்ற கம்பியில். 15 வாட் ஸ்பீக்கரின் கூம்பு ஒரு பக்கமாகத் துருத்தி நின்று, சிறிது நேரத்தில் வார்னிஷ் கருகும் நாற்றம் வந்திருக்கும்.

இது ஏன் வருகிறது என்று அறிய ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, ஹெரால்டு பிளாக் என்ற 29 வயது அமெரிக்கப் பொறியாளர் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நெடுந்தொலைவுத் தொலைபேசிகளில் ஆம்ப்ளிபையர்கள் குரலைச் சிதைப்பதே அவருடைய தலைவலி. படகில் திடீரென ஒரு யோசனை உதித்தது. வெளியே வருவதில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே போவதோடு எதிர்த்து வைத்துப் பார்த்தால் என்ன? கையிலிருந்த செய்தித்தாளிலேயே படத்தை வரைந்து முடித்தார். காப்புரிமை கிடைக்க 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு விசித்திரமாக அது தோன்றியது. பெருக்கிய பலத்தில் பெரும்பங்கை வேண்டுமென்றே தூக்கி எறிவதா என்பதே கேள்வி. ஆனால் கோவிலில் பாடும் நம் பாடகர் குழுவினர் அதைத்தானே செய்கிறார்கள்? தன் குரல் தன் காதுக்குத் திரும்புகிறது. சுருதி விலகினால் உடனே திருத்திக்கொள்கிறாள். காதை அடைத்துக்கொண்டு பாடச் சொன்னால் எங்கே போய் நிற்பாள்?

நம் ஐ.சி.யின் காது 22 கே ரெசிஸ்டர். அது வெளிவாயிலிருந்து இரண்டாங் காலுக்குச் செய்தி கொண்டுவருகிறது. அங்கிருந்து 680 ஓம் ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் பூஜ்யத்துக்குப் போகின்றன. 22,000ஐ 680ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 33. தன்னியல்பில் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் ஐ.சி., இந்தத் திருத்தத்தால் 33 மடங்கோடு ஒழுங்காக நிற்கிறது. காது அறுந்தால் திருத்தம் இல்லை. வெளிவாய் மேலோ கீழோ ஒரு கரையில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே பதினான்கரை வோல்ட்டைக் கண்டதும் முதலில் தேட வேண்டிய இடம் அந்த 22 கே. மீட்டர் ஊசிகளை ரெசிஸ்டரின் இரு கால்களில் வைத்து அளந்தோம். சரியாக 22 கே. ஏமாந்தோம். பிறகு ஊசிகளைக் கால்களில் அன்றி, பலகையின் செப்புத் தடத்தில் வைத்தோம். அளவு 22 கேயைக் காட்டவில்லை, எங்கோ ஏறிவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போன்ற ஒரு வளையம். பற்றவைக்கும்போது ஈயம் ஆறுமுன் கால் அசைந்திருக்கிறது. பார்வைக்கு ஒட்டியிருக்கும், உண்மையில் ஒட்டியிராது. ஊசியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் விட்டுவிடும். டாக்டர் வந்ததும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தையைப் போல. அயனைச் சூடாக்கிப் புது ஈயம் வைத்தோம். 12 மில்லிவோல்ட். ஸ்பீக்கரை மாட்டினோம். பாட்டு வந்தது.

பாட்டோடு இரைச்சலும் வந்தது. 'ம்ம்ம்' என்று விடாத ஒரு ரீங்காரம். விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். ஆளாளுக்கு ஒன்றை மாற்றினோம். ஒரு மாலையில் திடீரென இரைச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது. எதனால் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினோம். சகோதரியிடம் போய், பெட்டி தயார் என்றோம். அவர் வாடகைப் பெட்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒத்திகையில் பத்து நிமிடம் பேசிய பெட்டி நாடகத்தின் நடுவே ஊமையாயிற்று. சற்று நேரம் கழித்துத் தானே பேசியது. மீண்டும் ஊமை. தொட்டால் ஹீட் சிங்க் கை வைக்க முடியாமல் கொதித்தது. சூடு தாங்காமல் ஐ.சி. தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்பது தெரிந்தது. ஏன் சூடு? மைக்காவை மாற்றினோம், பசையை மாற்றினோம், ஒரு ஐ.சி.யையே மாற்றினோம். இப்படி அந்த மாலை போயிற்று. பாட்டே இல்லாதபோதும் சூடு ஏறுகிறது என்பதை இரவு வீடு திரும்பும் நேரத்தில்தான் கவனித்தோம். அதுவே சரியான குறிப்பு. சும்மா இருக்கும் ஐ.சி. ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்பியர் அளவில்தான் தின்னும். அது ஹீட் சிங்கை வெதுவெதுப்பாக்குமே தவிரக் கொதிக்க வைக்காது. ஆகவே அது சும்மா இல்லை. நம் காதுக்குக் கேளாத ஏதோ ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் இரண்டு சாட்சிகள் கிடைத்தன. வெளிவாயில் 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராக நிற்கும். மிக விரைந்த அலைகளை விழுங்குவதற்கென்றே வைத்தது. ஒழுங்காக நடக்கும் பெட்டியில் அந்த 1 ஓம் குளிர்ந்தே இருக்கும். எங்களுடையது கருகியிருந்தது. ஆசிரியை வீட்டிலிருந்து கொண்டுவந்த மீடியம் வேவ் ரேடியோவைப் பெட்டியருகே வைத்தோம். முள்ளைத் திருப்பிய இடமெல்லாம் சீறியது. ஆம்ப்ளிபையர் விநாடிக்குப் பல லட்சம் முறை தானே அலைந்துகொண்டிருந்தது. அலைகாட்டி என்னும் விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில் இந்த ரேடியோச் சோதனை எத்தனையோ மேல்.

எப்படி அலையத் தொடங்கியது? நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். எந்தச் சாமானை யார் எப்போது மாற்றினாலும் எழுத வேண்டும் என்பது விதி. அதில் ஒன்றும் இல்லை. பலகையைப் படத்தோடு ஒப்பிட்டோம். எல்லாம் சரியாகவே பட்டது. அப்போது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முன்வந்து, "அக்கா, 680ஐ நான்தான் மாற்றினேன்" என்றாள். பெருக்கத்தைக் குறைத்தால் இரைச்சலும் குறையும் என்று எண்ணி, இரு பலகையிலும் 680 ஓமுக்குப் பதில் 6.8 கே வைத்திருக்கிறாள். 680க்கு வளையங்கள் நீலம், சாம்பல், பழுப்பு. 6.8 கேக்கு நீலம், சாம்பல், சிவப்பு. டியூப் லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரிந்ததால் எங்களில் எவர் கண்ணுக்கும் படவில்லை.

அவள் எண்ணியது முட்டாள்தனமன்று. 33 மடங்கு 4 மடங்கானால் இரைச்சல் குறையத்தான் செய்யும். ஆனால் இந்த ஐ.சி.யைச் செய்தவர்கள், பெருக்கம் 24 டெசிபெலுக்கு, அதாவது ஏறத்தாழ 16 மடங்குக்குக் கீழே போகக் கூடாது என்று குறித்திருக்கிறார்கள். காரணம், திரும்பிவரும் செய்தி சிறிது காலம் தாழ்த்தி வருகிறது. மெதுவான அலைக்கு அந்தத் தாமதம் பொருட்டன்று. மிக விரைந்த அலைக்கோ, திருத்தம் வந்து சேருமுன் அலை தலைகீழாகிவிடுகிறது. எதிர்க்க வேண்டிய செய்தி ஆதரிக்கும் செய்தியாகிறது. திருப்பும் பங்கு சிறிதாயிருந்தால் அது அடங்கிவிடும். மிகுதியானால் ஊஞ்சலை வீசும் நேரம் பார்த்துத் தள்ளியதுபோல் ஏறிக்கொண்டே போகும். பெருக்கத்தைக் குறைப்பதென்பது திருப்பும் பங்கைக் கூட்டுவதே. எனவே இரைச்சலை மறைக்கப் போய் வேறொரு நோயை வரவழைத்தோம். அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. எதனால் குறைந்தது என்று கேளாமல் கைதட்டியவர்கள் நாங்கள்தானே? சொல்ல அஞ்சி அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்; அதுதான் எங்களுக்கு வருத்தம்.

680ஐத் திரும்ப வைத்தோம். 1 ஓமையும் புதிதாக மாற்றினோம். சூடு போயிற்று, ரேடியோ சீறவில்லை. இரைச்சல் பழையபடி வந்து உட்கார்ந்தது. விழாவுக்கு இரண்டு நாள்.

இம்முறை கேள்வி கேட்டோம். ஒலியளவுத் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் இரைச்சல் போகிறதா? போகவில்லை. ஆகவே ஒலிவாங்கி, அதன் நீண்ட கம்பி, முன்பெருக்கி மூன்றும் குற்றமற்றவை. திருகுக்குப் பின்னால்தான் நோய். ஒலிவாங்கிக் கம்பி வழியே புகும் இரைச்சல் பெரும்பாலும் விநாடிக்கு 50 அதிர்வு. டையோடுகளைக் கடந்து மின்வழங்கியிலிருந்து வருவது 100, சரியாக ஒரு ஸ்தாயி மேலே. எங்கள் மன்றத்தில் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த மாணவி கேட்டுவிட்டு மேல் ஸ்தாயி என்றாள். பாட்டு வகுப்பு இதற்கும் உதவும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பெரிய கண்டென்சர்கள் இரண்டையும் சேர்க்கும் கம்பியே பூஜ்ய முனை. விநாடிக்கு 100 முறை கண்டென்சர்கள் நிரம்பும்போது அந்தக் கம்பி வழியாகத்தான் மின்துடிப்பு பாய்கிறது. நாங்கள் ஒலியளவுத் திருகின் பூஜ்யக் கம்பியை அதன் ஒரு முனையிலும், ஐ.சி. பலகைகளின் பூஜ்யக் கம்பியை மறு முனையிலும் பற்றவைத்திருந்தோம். கம்பியின் தடை நூறில் ஒரு பங்கு ஓம்தான். அரை ஆம்பியர் துடிப்பு பாய்ந்தால் முனைக்கு முனை வேறுபாடு 5 மில்லிவோல்ட். ஐ.சி.க்கு அது ஒலிவாங்கியிலிருந்து வந்த பாட்டாகவே தெரியும். 33 மடங்காக்கி ஸ்பீக்கரில் விடும். கம்பிகள் எல்லாவற்றையும் பிரித்தோம். இரு கண்டென்சர்களின் நடுவிலிருந்து ஒரே ஒரு தடித்த செப்புக் கம்பியைத் தனியான ஒரு போல்ட்டுக்குக் கொண்டுபோய், எல்லாப் பூஜ்யக் கம்பிகளையும் அந்த ஒரே இடத்தில், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் குடத்தில் கூடுவதுபோல் சேர்த்தோம். கூம்பில் காதை வைத்தால்தான் இனி ஏதோ கேட்கும்.

ஆண்டு விழாவன்று பெட்டி மூன்று மணி நேரம் பேசியது. அந்தத் தாயார் முதல் வரிசையில் அல்ல, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டார் என்று பிறகு அறிந்தோம்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. மண்டபத்தின் டியூப் லைட்டைப் போடும்போதெல்லாம் இடப்பக்க ஸ்பீக்கரில் 'டக்' என்று ஓர் ஓசை, வலப்பக்கத்தில் இல்லை. இரு பலகைகளையும் இடம் மாற்றிப் பார்த்தோம். ஓசை பலகையோடு போகாமல் இடப்பக்கத்திலேயே நின்றது. இதை நோட்டுப் புத்தகத்தின் 31ஆம் பக்கத்தில், நாள், நேரம், செய்தவர் பெயருடன் எழுதி, கீழே அரைப் பக்கத்தைக் காலியாக விட்டு, அடுத்த ஆண்டு மன்றத்தாரிடம் பெட்டியோடும் குண்டு பல்போடும் ஒப்படைக்கிறோம்.